பனங்கற்கண்டு: பாகு ஆறும் நாட்களில் நடப்பது

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து நித்திரவிளை, கொல்லங்கோடு வரைக்கும் பதநீருக்கு அக்கானி என்றுதான் பேர். கேரள எல்லை தாண்டிப் பாறசாலையிலும் அதே பேர்தான். ஒரே மரத்து அக்கானியை ஒரே மாதிரி அடுப்பில் காய்ச்சி ஒரு வீட்டில் கருப்பட்டி எடுப்பார்கள், அடுத்த வீட்டில் கற்கண்டு எடுப்பார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே சர்க்கரை. கருப்பட்டிக்காரர் இறக்கிய பாகைத் துடுப்பால் விடாமல் கிண்டுகிறார். அப்படிக் கிண்டும்போது எண்ண முடியாத அளவு நுண்மணிகள், அதாவது சர்க்கரைப் படிகங்கள், ஒரே நேரத்தில் பிறக்கும். ஒன்றுக்கும் வளர இடம் இருக்காது. தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றியதும் மொத்தமாக இறுகிவிடும். கற்கண்டுக்குத் தேவை இதற்கு நேர் எதிர்: பிறக்கிற மணிகள் சில நூறுக்குள் நிற்க வேண்டும், பாகில் இருக்கிற மிச்சச் சர்க்கரை எல்லாம் அந்தச் சில நூறின் மேலேயே போய்ப் படிய வேண்டும். அதற்காகத்தான் காய்ச்சிய பாகைப் பானையில் ஊற்றி, மணி பிடிக்க நூல் இறக்கி, உமியில் பொதிந்து, நாற்பத்தைந்து நாள் அசைக்காமல் விடுகிறோம்.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், கற்கண்டு வேலையில் எதை ஏன் செய்கிறோம் என்பது எல்லாம் புரியும். சுண்ணாம்பு எவ்வளவு, தீயை எப்போது தணிப்பது, நூலை எப்போது இறக்குவது, பானையைச் சுற்றி உமி எதற்கு என்று எல்லாக் கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் சுண்ணாம்பு. மரத்தில் கட்டும் கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் சில மணி நேரத்தில் அக்கானி புளித்துக் கள்ளாகத் தொடங்கும். புளிப்பு நாக்குக்குத் தெரிவதற்கு வெகு முன்பே இன்னொரு சேதம் நடந்திருக்கும். கரும்புச் சர்க்கரை, பனஞ்சர்க்கரை இரண்டுக்கும் அடிப்படையான சுக்ரோஸ், ஈஸ்ட்டின் நொதியாலும் புளிப்பாலும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிளந்துவிடும். இனிப்பு குறையாது, அதனால் குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்தப் பிளந்த சர்க்கரைகள் சுக்ரோஸ் மணி வளர்வதைத் தடுக்கும், பாகை வழவழவென்று பிசுக்காக வைத்திருக்கும். நாற்பது நாள் காத்திருந்து பானையைத் திறந்தால் பாகு பாகாகவே கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அடுப்பிலோ பானையிலோ தவறு தேடிப் பயனில்லை. தவறு மரத்து மேலேயே நடந்துவிட்டது.

ஆகவே கற்கண்டுக்கு இரவு ஊறிய அக்கானியை மட்டும் எடுங்கள். வெயில் ஏறுவதற்குள் இறக்கி, நண்பகலுக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். கலயத்தைத் தினமும் கழுவிச் சூடு காட்டிப் புதுச் சுண்ணாம்பு தடவ வேண்டும். நேற்றுத் தடவிய சுண்ணாம்பின் மேல் இன்னொரு பூச்சு என்று விட்டால் அடியில் புளிப்பு ஒளிந்திருக்கும். பகலில் ஊறியது, மழை விழுந்தது, ஒரு மரத்தில் சுண்ணாம்பு கம்மியாக இருந்தது இவற்றையெல்லாம் கருப்பட்டிப் பாத்திரத்துக்கு அனுப்பிவிடலாம். ஒரே ஒரு கெட்ட கலயம் மொத்த அண்டாவையும் கெடுக்கும்.

சுண்ணாம்பு கூடினாலும் கெடுதல்தான். காய்ச்சும்போது மிச்சச் சுண்ணாம்பு, பிளந்த சர்க்கரையைத் தாக்கி நிறத்தைக் கறுக்கச் செய்யும், கசப்பு ஏற்றும். அதனால் காய்ச்சுவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். அக்கானியைப் பன்னாடையில் ஒரு முறை, துணியில் ஒரு முறை வடிகட்டி, ஆவி பறக்கும் வரை சூடாக்கி, உணவுத் தரமான பாஸ்பாரிக் அமிலத்தைத் தண்ணீரில் நன்றாக நீர்க்கக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். சுண்ணாம்பு கால்சியம் பாஸ்பேட்டாக மாறிப் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் படியும். தெளிவை மட்டும் மொண்டு எடுக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட் கரைசல் ஊற்றிச் சுண்ணாம்பு எடுப்பது பழைய முறை. உரக்கடையில் விற்கும் சூப்பர் பாஸ்பேட்டை இதற்கு வாங்க வேண்டாம். அதில் புளோரைடும் வேறு கசடுகளும் இருக்கும். குழந்தைக்கு இருமலுக்குக் கொடுக்கிற பொருளில் அது சேரக்கூடாது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். புளிப்பையும் காரத்தையும் எண்ணாகக் காட்டும் பி.எச். தாள் இருந்தால் 7-க்கும் 7.5-க்கும் நடுவில் நிறுத்துங்கள். தாள் இல்லாத இடத்தில் மஞ்சள் போதும். வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்து, அதில் ஒரு சொட்டு அக்கானி விட்டால் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கும்வரை சிவக்கும். சிவப்பு மங்கி மஞ்சளாகவே நிற்கிற இடத்தில் அமிலத்தை நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டி ஒரு கரண்டி கூடினாலும் பாகு புளிப்புப் பக்கம் சாய்ந்து, கொதியில் சுக்ரோஸ் பிளக்கத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கட்டும் என்று விடுவதே நல்லது. நிறம் கொஞ்சம் கறுப்பாக வரும், ஆனால் மணி வரும். இன்னொன்று: சுண்ணாம்பு போன அக்கானிக்குப் பாதுகாப்பே கிடையாது. தெளிந்ததும் சூடு ஆறவிடாமல் உடனே கொதிக்கு ஏற்ற வேண்டும்.

கொதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கருப்பட்டி காய்ச்சத் தெரிந்தவருக்கு அது தெரியும். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும், மேலே சேரும் அழுக்கை விடாமல் அள்ள வேண்டும். கடைசிக் கட்டத்தில் மட்டும் கவனம். பாகின் கொதிநிலையே அதில் எவ்வளவு சர்க்கரை என்பதைச் சொல்லிவிடும். 105 டிகிரி தாண்டியதும் தீயைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். 108-க்கும் 110-க்கும் நடுவில் இறக்குங்கள். அப்போது நூறு பங்கு பாகில் ஏறத்தாழ 78 முதல் 80 பங்கு சர்க்கரை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஆறிய சொட்டு ஒன்று ஓர் அங்குலம் நூலாக இழுபட்டு அறும். தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்கிற பதம் கருப்பட்டிக்கு உரியது. அதுவரை போனால் கற்கண்டு போய்விட்டது.

வெப்பமானியை முதலில் வெறும் கொதிநீரில் வைத்துப் பாருங்கள். அங்கே 98 காட்டினால் பாகிலும் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைவிட நம்பகமான கருவி மார்த்தாண்டம் பக்கம் தேன் வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. தேனின் கெட்டி பார்க்கும் கைக் குழல், 58 முதல் 90 வரை பிரிக்ஸ் (நூறு பங்கில் சர்க்கரை எத்தனை பங்கு என்ற அளவு) காட்டுவது. ஒரு சொட்டுப் பாகை அதில் ஆறவைத்துப் பார்த்தால் 79, 80 என்று எண்ணாகவே தெரிந்துவிடும். சூடான சொட்டில் பார்த்தால் எண் தப்பாகக் காட்டும்.

தேன்காரர்களுக்கு இதே அறிவு மறுபக்கமாகத் தேவைப்படுகிறது. ரப்பர்த் தோட்டத்துத் தேனில் குளுக்கோஸ் அதிகம். அது தானே மணி கட்டிப் புட்டி முழுவதும் உறைந்துவிடும், வாங்குகிறவர் சீனிப்பாகு கலந்தது என்று திருப்பிக் கொடுப்பார். பனம்பாகில் மணியைத் தடுக்கிற குளுக்கோஸ், தேனில் தானே மணியாகிறது. சுக்ரோஸுக்கு இடைஞ்சல் வேற்றுச் சர்க்கரை. தேனில் குளுக்கோஸைக் கரைத்து வைக்கத் தண்ணீர் போதாது, அவ்வளவுதான் வேறுபாடு. உறைந்த தேன்புட்டியை 45, 50 டிகிரி வெந்நீரில் வைத்தால் இளகும்.

இனி இந்த வேலையின் உயிரான இடம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 80 பிரிக்ஸ் பாகு பத்து கிலோ என்றால் எட்டுக் கிலோ சர்க்கரை, இரண்டு கிலோ தண்ணீர். நூறு கிராம் தண்ணீர் 100 டிகிரியில் 487 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்திருக்கும். 80 டிகிரியில் 362, 50-இல் 260, 30-இல் 219 கிராம். அப்படியானால் பாகு 80 டிகிரிக்கு வரும்போதே இரண்டு கிலோ தண்ணீரால் 7.25 கிலோவைத்தான் தாங்க முடியும். முக்கால் கிலோ மிச்சம். 80-இலிருந்து 50-க்கு ஆறும்போது இன்னும் இரண்டு கிலோ. 50-இலிருந்து 30-க்கு வரும்போது முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் 3.6 கிலோ. இது சுத்தச் சர்க்கரைக் கணக்கு. அக்கானியில் இருக்கும் உப்புகளும் பிளந்த சர்க்கரையும் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கைக்கு வருவது இதற்கும் கீழேதான். பத்து கிலோ பாகுக்குச் சுமார் 65 லிட்டர் அக்கானி காய்ச்ச வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பனங்கற்கண்டு ஏன் அந்த விலை என்று புரியும்.

இந்தக் கணக்கில் முக்கியமானது வேறு. கற்கண்டாக வேண்டிய சர்க்கரையில் பாதிக்கு மேல் 80-க்கும் 50-க்கும் நடுவில்தான் வெளியே வரத் துடிக்கிறது. அந்த முப்பது டிகிரியை இரண்டு மணி நேரத்தில் கடந்தால் அவ்வளவு சர்க்கரையும் போய் உட்கார மணி இல்லாமல் தானாகவே பொடிமணியாகக் கொட்டிவிடும். இரண்டு மூன்று நாள் எடுத்துக் கடந்தால், ஏற்கனவே இருக்கிற மணிகள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். பாகு தன்னால் தாங்க முடிந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரையைச் சுமந்துகொண்டு அமைதியாக இருக்கும். அந்த எல்லைக்குள் பழைய மணி வளருமே தவிரப் புதிது பிறக்காது. சுமை அந்த எல்லையைத் தாண்டினாலோ, தாண்டாதபோதே ஓர் அதிர்ச்சி கொடுத்தாலோ புதிது கொட்டும். கற்கண்டுக்காரர் வேலை எல்லாம் பாகை அந்த எல்லைக்குள் வைத்திருப்பதுதான்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று பானையின் அளவு. மூன்று கிலோ பாகு எப்படிப் பொதிந்தாலும் சீக்கிரம் ஆறும். ஒரு பானைக்கு இருபது கிலோவாவது பாகு இருக்கட்டும். அது பதினான்கு, பதினைந்து லிட்டர் வரும். இரண்டாவது பொதிவு. மண்ணுக்குள் புதைப்பது பழைய வழக்கம். கூரைக்குள் காய்ந்த மணல் தரை என்றால் அது சரி வரும். ஈரமண் வெப்பத்தை உறிஞ்சிவிடும், நம் பக்கம் தரை பெரும்பாலும் ஈரம்தான். அதைவிட உலர்ந்த உமி நல்லது. பானையின் அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு உமி அமுக்கி வையுங்கள். இருபது கிலோ பாகு இப்படி வைத்தால் ஒரு நாள் கழித்து 65 டிகிரி சுற்றில் இருக்க வேண்டும், மூன்றாம் நாள் 50-க்குக் கீழே, ஒரு வாரத்தில் அறை வெப்பத்துக்கு அருகில். கம்பிமுனை வெப்பமானி ஒன்றை முதலிலேயே உள்ளே விட்டுக் கம்பியை வெளியே எடுத்துவைத்தால் பானையைத் தொடாமல் பார்க்கலாம். முதல் நாளே 50 காட்டினால் அடுத்த பானைக்கு உமியைக் கூட்டுங்கள். இந்தப் பானைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது.

நூலைப் பற்றி. முறுக்கிய பருத்தி நூல், நைலான் வேண்டாம், மணி அதில் சரியாகப் பிடிக்காது. மூங்கில் சிம்பில் சட்டம் கட்டி மூன்று, நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் மேலும் கீழும் விறைப்பாகக் கட்ட வேண்டும். நெருக்கிக் கட்டினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். நூலைப் பாகில் நனைத்து, நொறுக்கிய கற்கண்டுப் பொடியில் புரட்டி, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். அந்தப் பொடிதான் விதை. இனி பலர் தவறும் இடம்: பாகை ஊற்றியதும் நூலை இறக்கிவிடுகிறார்கள். 80 பிரிக்ஸ் பாகு ஏறத்தாழ 87 டிகிரி வரை இன்னும் சர்க்கரையைக் கரைக்கும் நிலையில்தான் இருக்கிறது. 78 பிரிக்ஸ் என்றால் 78 டிகிரி வரை. 95 டிகிரியில் இறக்கிய நூலில் விதை எல்லாம் கரைந்து வெறும் நூல்தான் மிஞ்சும். 80 பிரிக்ஸுக்கு 82, 83 டிகிரிக்கும், 78 பிரிக்ஸுக்கு 75 டிகிரிக்கும் ஆறிய பிறகு இறக்குங்கள். சட்டத்தையும் முதலில் அடுப்பருகே வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த சட்டம் பாகில் பட்டால் அதைச் சுற்றியே பொடிமணி கொட்டும்.

பானையும் பேசாமல் இருக்காது. புதுமண் பானை பாகை உறிஞ்சும், பழகிய பானை நல்லது. ஆனால் பழைய பானையின் துளைகளில் போன தடவை மணி ஒட்டியிருக்கும், அதுவும் விதைதான். பானைச் சுவரில் தட்டையாகப் பெரிய கற்கள் வேண்டும் என்பவர் அப்படியே விடலாம். நூலில் மட்டும் வேண்டும் என்றால் கொதிநீர் ஊற்றி இரண்டு முறை அலச வேண்டும். எவர்சில்வர் அண்டாவும் சரிதான், உமி கனமாக இருந்தால்.

ஊற்றும்போது பாகை விளிம்பில் தெறிக்க விடாதீர்கள். தெறித்த துளி காய்ந்து பொடிமணியாகும். அது உதிர்ந்து உள்ளே விழுந்தால் ஆயிரம் விதை போட்டதற்குச் சமம். நீளக் குழாய் வைத்த புனலில் அடிவரை இறக்கி ஊற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வாயை முதலில் மெல்லிய துணியால் மட்டும் கட்டுங்கள். சூடாக இருக்கும்போதே மூடி போட்டால் ஆவி மூடியில் குளிர்ந்து சொட்டி மேல்பாகை நீர்க்கச் செய்யும், அங்கேதான் பிறகு நுரைத்துப் புளிக்கும். ஆவி நின்ற பிறகு மூடியும் அதன் மேல் உமிச் சாக்கும். பானையைச் சுற்றி எறும்புக்குத் தண்ணீர்க் கால்வாய்.

அதன் பிறகு தொடக் கூடாது. பக்கத்தில் உரல் இடிப்பது, கனமான மூட்டை போடுவது கூடாது. பானை இருக்கிற அறை நடமாட்டம் இல்லாத அறையாக இருக்கட்டும். எட்டாம் நாள் ஒரு முறை நூலைத் தூக்கிப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும். தூக்கினால் அந்த அசைவில் அவ்வளவு நாள் அமைதியாகச் சுமந்த பாகு அத்தனையும் குருணை கொட்டிவிடும். கலங்கிய பாகு பிறகு தெளியாது.

ஒரு வாரத்தில் ஆறிவிட்ட பாகுக்கு இன்னும் ஐந்து வாரம் எதற்கு என்று கேட்பார்கள். ஆறிய பாகு கட்டித் தேன் போல இருக்கும். மணியை ஒட்டியிருந்த சர்க்கரை படிந்துவிட்டால், அடுத்தது தூரத்திலிருந்து அந்தக் கெட்டிப் பாகுக்குள் ஊர்ந்து வரவேண்டும். மணிக்குப் பளபளப்பான முகமும் கூரிய விளிம்பும் கிடைப்பது இந்த மெதுவான நாட்களில்தான். நாற்பது நாளுக்கு முன் எடுத்தால் எடை குறையும். நாற்பத்தைந்து நாள் போதுமானது.

திறந்ததும் கெட்டால் என்ன பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். அடியில் மணலாகப் பொடிமணி, நூலில் ஒன்றும் இல்லை என்றால் வேகமாக ஆறியது, அல்லது அசைந்தது, அல்லது பதம் கூடியது. மணியே இல்லாமல் பாகு நீர்த்திருந்தால் பிரிக்ஸ் குழலில் பாருங்கள். 72, 73 காட்டினால் பதம் குறைவு, மீண்டும் காய்ச்சி ஊற்றலாம். மணியே இல்லை, ஆனால் பாகு 80 காட்டுகிறது என்றால் சர்க்கரை பிளந்துவிட்டது, அதைக் காய்ச்சக் காய்ச்ச இன்னும் கெடும். அந்தப் பாகு கருப்பட்டியாகக்கூட இறுகாது. கூப்பனியாக, அதாவது கட்டிப் பனம்பாகாக, தோசைக்கும் பலகாரத்துக்கும் செலவிடலாம்.

நன்றாக வந்த பானையில் மேல் ஆடையை உடைத்து, வாயில் கம்பிவலை வைத்துக் கவிழ்த்து ஒரு நாள் முழுக்க வடியவிடுங்கள். வடிந்த பாகு 69 பிரிக்ஸ் அளவில் இருக்கும். வெளியே வைத்தால் சில நாளில் நுரைக்கும், அன்றே காய்ச்சி இரண்டாம் பானைக்கு ஊற்ற வேண்டும். அதில் வரும் கல் சிறியதாகவும் கறுப்பாகவும் இருக்கும். மூன்றாவது தடவைக்குப் பிரயோசனம் இல்லை. கல்லில் ஒட்டிய பிசுக்கைத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கூரிய விளிம்பெல்லாம் மழுங்கிப்போகும். அறை வெப்பத்தில் இனிக் கரையாது என்கிற அளவு சர்க்கரை கரைத்த நீரை மேலே ஊற்றினால் பிசுக்கு போகும், கல் கரையாது. பிறகு காலை வெயிலில் துணிமேல் பரப்பிக் காயவையுங்கள்.

கேரளத்து வைத்தியர்களும் மருந்துக்கடைகளும் பனங்கல்கண்டம் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். சந்தையில் அந்தப் பேரில் இருப்பதில் சீனிப்பாகில் செய்து நிறமேற்றியதும் உண்டு. கல்லின் வடிவத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது சரியல்ல. இரண்டிலும் மணியாவது அதே சுக்ரோஸ், வடிவமும் அதே. ஆய்வகத்தில் கார்பனின் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள்) விகிதம் பார்த்தால் பிடிபடும். பனையும் கரும்பும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் வழி வேறு வேறு, அந்த அடையாளம் சர்க்கரையில் அப்படியே தங்கிவிடும். வீட்டளவில் செய்யக்கூடியது, யார் காய்ச்சுகிறார் என்று தெரிந்து வாங்குவது.

காய்ந்த சுக்ரோஸ் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் தாண்டினால்தான் நீர் கோக்கும். கல்லில் பிசுக்கு ஒட்டியிருந்தால் அதற்கு வெகு கீழேயே கோத்துவிடும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இங்கே எந்த அறையிலும் அந்த ஈரம் உண்டு. அதனால் மழைக்கு முன் கல் காய்ந்து தகரத்துக்குள் போயிருக்க வேண்டும். நாற்பத்தைந்து நாளைப் பின்னோக்கி எண்ணினால், அந்தப் பருவத்தின் கடைசிப் பானையை சித்திரை விஷுவன்றாவது ஊற்றிவிட வேண்டும். அதற்குப் பின் இறங்குகிற அக்கானி கருப்பட்டிக்கு.